நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

"ஃபோர் பை ஃபோர் சார். மழையோ மலையோ, கவலையே இல்லாம போலாம்."

கோவையில் ஒரு ஷோரூமில், என் அக்கா மகன் கையில் புது வண்டியின் சாவியைக் கொடுத்தபோது அங்கிருந்த விற்பனைப் பையன் சொன்ன வார்த்தை இது. அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். அவன் அதை உண்மையாகவே நம்புகிறான். வாங்கியவனும் நம்பினான். கல்யாண வீட்டுப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் இதையேதான் கேட்கிறேன்: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வழுக்காது, தடுமாறாது, குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தைப் பாதுகாப்புக்குக் கொடுத்ததாகவே நினைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. தெரியாமல் இருப்பதைவிட இப்படித் தவறாகத் தெரிந்திருப்பது ஆபத்து என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சாவி வாங்கி இரண்டு மாதம் கழித்து, ஒரு ஆகஸ்டு மாதம், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேலே கிளம்பும்போதே மருமகன் லீவரைத் தள்ளி நான்கு சக்கரத்துக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டான். ஸ்பீடோமீட்டர் முள் 55-ஐத் தொட்டு நின்றது. "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றேன். "நாலு வீலும் பிடிச்சிட்டுத்தான் இருக்குது மாமா, பயப்படாதீங்க" என்றான்.

இடப்பக்கம் ஒரு வளைவு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினான். வண்டியின் மூக்கு திரும்பவில்லை. இன்னும் திருப்பினான். வண்டி நேராகவே போனது. பிரேக்கை மிதித்தான், காலுக்கடியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அதிர்கிற சத்தம் எனக்கே கேட்டது. எதிர்ப்பக்கத்துப் பாதையைத் தாண்டி, பள்ளத்தாக்கை ஒட்டிய தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. எதிரே பஸ் வரவில்லை. அதைத் தவிர எங்களைக் காப்பாற்றியது வேறெதுவும் இல்லை. பின்சீட்டில் அக்கா பேசவில்லை. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று காட்டும் விளக்கு அப்போதும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கு சொன்னது பொய்யில்லை. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினின் விசை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நொடியில் எங்களுக்கு வேண்டியிருந்தது இழுவிசையே இல்லை. வண்டி திரும்ப வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமில்லை.

பிரேக் என்பது எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. பத்து வருஷப் பழைய ஆல்ட்டோவிலும் நான்கு. நாற்பது லட்ச ரூபாய் வண்டியிலும் நான்கு. நிறுத்துகிற வேலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஒரு சக்கரம்கூட அதிகம் கிடையாது. வண்டியைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பிடிப்பு. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். நான்கு உள்ளங்கை. அவ்வளவுதான் நமக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே இருப்பது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் பிடிப்பின் அளவை 0.7 என்று வைத்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்தபின் 20 மீட்டரில் நிற்கும். நனைந்து வழுவழுத்த சாலையில் அது 0.4-க்கு இறங்கினால் 35 மீட்டர் தேவை. ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து, காலை எடுத்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டாலும் அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடுகிறது. ஆக, மழையில் 50 மீட்டருக்கு மேல். மலைப்பாதை வளைவில் 50 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் எத்தனை இருக்கிறது? இறக்கமாக இருந்தால் இந்தத் தூரம் இன்னும் கூடும். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வி எங்கேயுமே வருவதில்லை.

எடையும் வருவதில்லை. "கனமான வண்டி, ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனம் கூடினால் டயர் சாலையை அழுத்துவது கூடுகிறது, உண்மைதான். நிறுத்த வேண்டிய சுமையும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டுப் போய்விடும். இறக்கத்தில் கனம் உதவாததோடு உபத்திரவமும் செய்கிறது. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,450 மீட்டர். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய 2 டன் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மின்வாரியக் கணக்கில் 8 யூனிட். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. காற்றும் இன்ஜினும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எல்லாம் பிரேக் தகட்டில்தான் இறங்கும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவன் அத்தனை வெப்பத்தையும் அந்தச் சிறிய தகடுகளின் மேல் கொட்டுகிறான். ஒரு கட்டத்தில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. 1 டன் எடையுள்ள சின்னக் காருக்கு இந்த வெப்பம் பாதிதான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் சுற்றுலா வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடுத்து வைத்திருப்பது இதனால்தான். அந்தச் சோதனைச் சாவடியில் "எங்க வண்டி ஃபோர் பை ஃபோர்" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்கப் போகிறோம் என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய பஸ் டிரைவர்கள் ஒரே வரியில் சொல்லிவைத்தார்கள். அந்த ஒரு வரி தெரிந்தவன் ஓட்டும் ஆம்னி வேன், தெரியாதவன் ஓட்டும் எந்தப் பெரிய வண்டியைவிடவும் பத்திரமானது.

இனி மருமகன் வண்டியில் நடந்ததற்கு வருகிறேன். அவன் பிரேக் பிடிப்பதற்கு முன்பே மூக்கு திரும்ப மறுத்ததே, அது ஏன்? வேகம் முதல் காரணம். இரண்டாவது காரணம், அவன் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட அந்த லீவர்.

நம் ஊரில் "ஃபோர் பை ஃபோர்" என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவை இரண்டு வேறு ஜாதி வண்டிகள். மஹிந்திரா தார், ஸ்கார்ப்பியோ என் ஆகியவற்றின் ஃபோர் வீல் ரகங்கள், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி எல்லாம் ஒரு வகை. சாதாரணமாகப் பின்சக்கரம் இழுக்கும். வேண்டும்போது லீவரையோ பொத்தானையோ தள்ளினால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். எக்ஸ்யூவி 700, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஆல் வீல் ரகங்கள் வேறு வகை. அங்கே தேவைக்குத் தகுந்தபடி விசையைப் பங்கிட ஒரு கிளட்ச் அமைப்பு இருக்கிறது, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். முதல் வகையில் அந்தப் பங்கீடு கிடையாது.

திருப்பத்தில் முன்சக்கரங்கள் போகும் வட்டம் பெரியது, பின்சக்கரங்கள் போகும் வட்டம் சிறியது. மாட்டுவண்டி ஓட்டியவருக்கும் தெரிந்த விஷயம். அச்சுக்கு அச்சு 2.45 மீட்டர் நீளமுள்ள வண்டி, பின்னச்சு 6 மீட்டர் ஆரத்தில் போகும்படி ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்தால், அந்த ஒரு வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 1.5 மீட்டர் அதிகம் உருள வேண்டும். இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிட்டால் அந்த 1.5 மீட்டர் எங்கே போகும்? சேற்றிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், வண்டி திரும்ப மறுத்து முண்டும், அடியில் பல்சக்கரங்கள் முறுக்கேறும். கொல்லிமலையின் 70 வளைவையும் இப்படி ஏறினால் முன்சக்கரங்களுக்குக் கொடுக்காமல் விட்ட தூரம் 100 மீட்டரைத் தாண்டும். அத்தனையையும் டயரும், இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சுமக்கின்றன. ஈரத் தாரில் இன்னொரு கேடு: முன்டயர் திடீரென்று பிடியை விட்டுவிட்டு நேராகப் போகும். எங்களுக்கு நடந்தது அது. காய்ந்த தார்ச்சாலையில் இந்த இணைப்பைப் போடாதே என்று வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் அச்சடித்தே இருக்கிறது. என் மருமகன் அந்தக் கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. குற்றம் அவன்மேல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. லட்சங்களை எண்ணி வாங்கிய இடத்தில் ஒருவர் அரை மணி நேரம் அவனை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் நான்கு சக்கர இழுவை வீணா என்று கேட்பீர்கள். இல்லை. அதன் அருமை தெரிந்த இடத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன்.

தேனி மாவட்டத்து உச்சியில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் வண்டி போகும். பாதை என்று சொல்வதே அதிகம். உருண்டைக் கல்லும் பள்ளமும்தான். அங்கே ஜீப் ஓட்டும் ஒருவரோடு ஒரு விடியற்காலை போய் வந்தேன். ஏறும்போது அவர் வண்டியை எப்படி ஓட்டினார் என்பதைவிட, இறங்குவதற்கு முன் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. வண்டியை நிறுத்தினார். இறங்கி, நான்கு டயரையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு டயரின் பட்டைக்குள் சிக்கியிருந்த கல்லைச் சாவியால் நெம்பி எடுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, நான்கு சக்கரமும் மிகத் தாழ்ந்த கியர் விகிதத்தில் இழுக்கும் ஃபோர் லோவுக்கு லீவரைத் தள்ளி, முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். அந்த இறக்கம் முழுக்க அவர் கால் பிரேக்கைத் தொட்டதை நான் சில தடவைதான் பார்த்தேன். நடந்து போகும் ஆள் எங்களை முந்திக்கொண்டு போயிருப்பார்.

"ஏறுறதுக்கு எல்லாரும் போடுவாங்க சார். இறங்குறதுக்குத்தான் சார் இது வேணும்" என்றார்.

அவர் சொன்னதில் நுட்பமான உண்மை இருக்கிறது. ஃபோர் லோவில் இன்ஜின் வண்டியைப் பிடித்துவைக்கும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது; அந்தப் பிடி நான்கு சக்கரத்துக்கும் பங்காகப் போவதால் கல்லும் மண்ணுமான சரிவில் எந்த ஒரு சக்கரமும் எளிதில் தனியே பூட்டிக்கொண்டு சறுக்காது. சேறு, மணல், உதிரிக் கல், செங்குத்து மண்பாதை என இவை எல்லாவற்றிலும் இதற்கு ஈடு இல்லை. தோட்டத் தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்புகளை நான் அறிவேன். 1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய நாள் முதல் பாதையில்லாத ஊர்களுக்கு இந்த இயந்திரம் செய்த உதவி கொஞ்சமில்லை. ஆனால் அந்த ஜீப் டிரைவர் அதை நம்பி வேகமாகப் போகவில்லை. அதை வைத்து மெதுவாகப் போனார். ஊருக்குள் விற்கப்படும் நம்பிக்கை இதற்கு நேர்மாறானது.

இங்கேதான் என் முக்கியமான குற்றச்சாட்டு. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் கார், சாலை வழுக்குகிறது என்பதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கிளம்பும்போது டயர் சுற்றும், மேட்டில் திணறும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வால் அசையும். "இன்றைக்கு ரோடு சரியில்லை" என்று ஓட்டுபவர் காலைத் தளர்த்துவார். நான்கு சக்கர இழுவை அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது. எந்தத் திணறலும் இல்லாமல் கிளம்புகிறது, சர்ரென்று வேகம் எடுக்கிறது. சாலை எவ்வளவு மோசம் என்பது முதல் தடவையாகத் தெரிவது, பிரேக்கை மிதிக்கும்போதுதான். அதற்குள் முள் 55-ல் நிற்கிறது. பாதுகாப்பைக் கொடுப்பதாகச் சொல்லும் சாதனம், பயப்பட வேண்டிய இடத்தில் பயத்தை எடுத்துவிடுகிறது.

வளைவிலிருந்து வெளியேறும்போது விசை நான்கு சக்கரத்துக்கும் பிரிவதால் ஒவ்வொரு டயருக்கும் சுமை குறைகிறது, அதனால் பிடி மிச்சமாகிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் வாதிடுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். டயரின் பிடி கையிலிருக்கும் காசு மாதிரி. இழுப்பதற்கும் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதே காசிலிருந்துதான் எடுக்க வேண்டும். இழுப்பதற்கான செலவைப் பிரித்தால் திரும்புவதற்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இறக்கத்தில், வளைவுக்குள் நுழையும்போது, கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை. அப்போது மிச்சப்படுத்த எந்த இழுப்புச் செலவும் இல்லை.

இதையெல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1966-ல் இங்கிலாந்தில் ஜென்சன் எஃப்எஃப் என்ற கார் வந்தது. நான்கு சக்கர இழுவையைச் சாதாரணச் சாலைக் காருக்குக் கொண்டுவந்த முதல் கார்களில் ஒன்று. அதே காரில் பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பையும் அவர்கள் தனியாகப் பொருத்தினார்கள். இழுப்பதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பது அதைக் கட்டிய பொறியாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். வண்டி தடுமாறும்போது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துத் திசையை நேராக்கும் இஎஸ்சி அமைப்பும் இன்று பல கார்களில் வருகிறது. அது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்னக் காரிலும் கிடைக்கிறது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஃபோர் பை ஃபோரை விட்டுவிட்டு இஎஸ்சியையும் நான்கு நல்ல டயரையும் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமாக உட்கார்ந்தால் தூரம் தெரிகிறது, தைரியமாக இருக்கிறது என்கிறார்கள். தைரியம் வருகிறது என்பது சரி. எடையின் மையமும் கூடவே மேலே போகிறது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தில் பாதியை அந்த மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண், வண்டி கவிழாமல் தாங்கும் திறனைக் காட்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001-லிருந்து இதை வைத்தே கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் உருண்ட விவகாரத்தில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 271 மரணங்களை அத்துறை பதிவு செய்தது. தாழ்ந்த காரில் டயர் கிழிந்தால் பெரும்பாலும் ஓரமாய் இழுத்துக்கொண்டு போய் நிற்கும். உயரமான வண்டிக்கு அந்தச் சலுகை குறைவு. இது தெரியாமல், கோவையிலும் சென்னையிலும் இளைஞர்கள் வண்டியை இன்னும் நான்கு அங்குலம் உயர்த்தி, சேற்றுக்கென்று செய்த முரட்டு டயரை மாட்டுகிறார்கள். பெரிய கட்டைகளும் அகல இடைவெளியும் உள்ள அந்த டயர் சகதியைக் கிழிக்கும். ஈரத் தாரில் சாதாரண டயர் அளவுக்குக்கூட நிறுத்தாது.

தண்ணீர் விஷயத்தில் இந்த நம்பிக்கை நேரடியாக உயிரை எடுக்கிறது. மஹிந்திரா தார் 65 செ.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அது நிற்கும் தண்ணீரில், இன்ஜினுக்குள் நீர் போகாத அளவு. ஓடும் வெள்ளத்துக்கு அந்த எண் பொருந்தாது. 60 செ.மீ. ஆழத்தில் ஓடும் வெள்ளம் எஸ்யூவி, பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க வானிலைத் துறை ஓயாமல் எச்சரிக்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வண்டித் தளத்துக்கு மேலே தண்ணீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் ஏறக்குறைய அரை டன் விசை வண்டியை மேலே தூக்குகிறது. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு இரண்டு இழுத்தால் என்ன, நான்கு இழுத்தால் என்ன? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் தரைப்பாலத்துக்கு மேல் ஓடும் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று கரையில் நிற்கும் எந்த டிரைவருக்கும் தெரியாது. தண்ணீர் வடியும்வரை நிற்பதைத் தவிர வழியில்லை.

பனிக்கும் இதே கதைதான். மணாலியில் பனி விழுந்தால் அடல் சுரங்கம் பக்கம் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும் போலீஸ் விடுகிறது. ஏறுவதற்கு அது நியாயமான விதி. அதே சாலையில், இறங்கும்போது கண்ணாடியாய் உறைந்த பனியில் நான்கு சக்கரமும் நின்றபடியே வண்டி வழுக்கிப் போகும் காணொளிகள் ஒவ்வொரு பனிக்காலமும் வருகின்றன. நம் ஊரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்யூவி என்ற தோற்றத்தைப் பார்த்து "ஃபோர் பை ஃபோர்" என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. கிரெட்டா, நெக்ஸான், பிரெஸ்ஸா ஆகியவை முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். 2023 ஜனவரி முதல் தார் வண்டியே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரகத்திலும் விற்கிறது. தன்னிடம் இல்லாத ஒன்றை நம்பி ஓட்டுகிறவர்களும் சாலையில் இருக்கிறார்கள். மோதல் சோதனையில் வண்டிக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திர மதிப்பெண்ணையும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். மோதினால் உள்ளே இருப்பவர் எவ்வளவு பிழைப்பார் என்பதற்கே அதில் பெரும்பங்கு மதிப்பெண். சீட் பெல்ட் போடாதவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல், அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. 16,715 பேர் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள்.

மருமகன் இப்போது அந்த லீவரைத் தார்ச்சாலையில் தொடுவதில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியர், 30 வேகம். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் ஓரம் கட்டி வழிவிடுகிறான். ஏறி வரும் வண்டிக்கு நின்று இடம் கொடுக்கிறான்; மலைப்பாதையில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தடுப்புச் சுவர் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்ற பிறகு கற்றுக்கொண்டான். எல்லோருக்கும் அந்த ஒரு சாண் கிடைக்கும் என்று நினைக்க முடியாது.

பிள்ளைகளுக்கு இந்த வண்டிகளை வாங்கிக் கொடுக்கும் தாய் தகப்பன்மாரிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். சாவியைக் கொடுக்கும் முன் கையேட்டில் ஃபோர் வீல் டிரைவ் பற்றிய பக்கங்களைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மலைக்குக் கிளம்பும் நாளுக்கு முதல்நாள் டயரைக் குனிந்து பாருங்கள். பட்டையின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் சட்டப்படியே அது செத்த டயர். நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஆல் வீல் வண்டிக்கு அது மிக முக்கியம். மணலில் ஓட்டக் காற்றை இறக்கியிருந்தால் தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்புங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் முதலில் டயர்க் கடைக்குப் போய்க் காட்டுங்கள். கோத்தகிரிக்கு அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.